ஆமைக்கு எவ்வளவு வெயில் வேண்டும்?

பண்டாரவளையில் ஒரு வீட்டுத் தோட்டத்தை மனதில் கொண்டுவாருங்கள். பின்பக்கம் கல்லுக்கட்டு, அதற்கு மேலே தேயிலை மலை. முன்பக்கம் கொஞ்சம் புல்தரை, ஓரத்தில் செவ்வரத்தை. இந்த இடத்தில் ஒரு நட்சத்திர ஆமைக்குப் பட்டி கட்டப்போகிறோம். கட்டுவது காகிதத்தில்தான், பென்சிலும் அடிமட்டமும் போதும். நிஜமான பட்டி ஏன் கூடாது என்பது போகப்போகத் தெரியும். ஆனாலும் படத்தை ஒழுங்காக வரைவோம். எந்தக் கோட்டை எங்கே போடுவது என்று ஆமையின் உடம்பைத்தான் கேட்க வேண்டியிருக்கும். அதில்தான் விஷயம் இருக்கிறது.

வேலியை வரைய அவசரப்படாதீர்கள். காலை வெயில் தோட்டத்தில் எந்தப் பக்கம் முதலில் விழுகிறது, மாலையில் எந்த இடத்தை விட்டுக் கடைசியாகப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாம் சாப்பிடும் சோற்றில் பெரும்பகுதி உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவாகிறது. மார்கழிப் பனியிலும் நம் உடம்புக்குள் ஏறக்குறைய 37 பாகை செல்சியஸ் இருக்கும். ஆமைக்கு அந்தச் செலவு இல்லை. தனக்கு வேண்டிய சூட்டை அது வெயிலிடமும் கல்லிடமும் வாங்கிக்கொள்கிறது. அதனால் கொஞ்சம் புல்லைத் தின்றுவிட்டு நெடுநாள் இருக்க முடிகிறது. ஆனால் சூடு கிடைக்காத நாளில் அதற்கு எல்லாமே மந்தமாகிவிடும். கால் நகராது, பசி எடுக்காது. தின்றதைச் செரிக்கவும் முடியாது. ஏனென்றால் இலையையும் புல்லையும் உடைத்துக் கொடுப்பவை அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்கள். அவற்றுக்கும் சூடு வேண்டும்.

ஆகவே பட்டியைக் கல்லுக்கட்டின் அருகே, கிழக்கு பார்த்து வரையுங்கள். கல் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுப் பொழுது சாய்ந்த பிறகும் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். சந்தேகமாக இருந்தால் வெயிலடித்த நாளொன்றில் மாலை ஆறு மணிக்குப் புல்லையும் கல்லையும் தொட்டுப் பாருங்கள்.

ஆமைக்கும் சுவருக்கும் உள்ள இந்த உறவைக் கூர்ந்து பார்த்து எழுதியவர்களில் கில்பர்ட் வைட் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரை மறக்க முடியாது. இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்தில் வாழ்ந்தவர். அவருடைய அத்தை வீட்டுத் தோட்டத்தில் நாற்பது வருடம் போல ஓர் ஆமை இருந்தது. பெயர் திமொதி. அத்தை இறந்தபின், 1780 மார்ச் மாதம், மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருந்த திமொதியைத் தோண்டி எடுத்துக் குதிரை வண்டியில் தன் ஊருக்குக் கொண்டுவந்தார் வைட். எப்போது வெளியே வருகிறது, எதைத் தின்கிறது, மழைக்கு எப்படிப் பயப்படுகிறது என்றெல்லாம் குறித்துவைத்தார். முதல் தூறலுக்கே அது ஓடி ஒளிந்துகொள்ளுமாம். 1789 இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் திமொதிக்கும் இடம் உண்டு. அதன் ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆண் என்று எண்ணிப் பெயர் வைத்த அந்த ஆமை பெண் என்று பிற்காலத்தில்தான் தெரியவந்தது.

வைட் கண்ட ஒரு காட்சி நமக்கு இப்போது வேண்டும். வெயில் பலமில்லாத காலத்தில் திமொதி தோட்டச் சுவரில் ஓட்டைச் சாய்த்து, ஒருக்களித்து நிற்கும். ஏன் என்று யோசியுங்கள். பண்டாரவளையில் காலை எட்டு மணியளவில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 30 பாகை உயரத்தில் நிற்கிறது. அப்போது தரையில் மட்டமாகக் கிடக்கும் பலகைக்குக் கிடைக்கும் வெயில், சூரியனை நேராகப் பார்த்துச் சாய்ந்திருக்கும் பலகைக்குக் கிடைப்பதில் சரிபாதிதான். கோணத்தை மாற்றியே திமொதி வெயிலைக் கூட்டிக்கொண்டது. நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரே அளவுத் தகரத் துண்டு இரண்டை எடுத்துக் கறுப்பு மை பூசுங்கள். ஒன்றைத் தரையில் படுக்கவையுங்கள், மற்றதைச் சூரியனைப் பார்க்கும்படி கல்லில் சாய்த்து வையுங்கள். பத்து நிமிடம் கழித்து ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் பாருங்கள். தகரத்தின் ஓரம் கூர், பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதிலுள்ள புற ஊதாக் கதிரின் ஒரு பகுதி ஆமையின் தோலில் பட்டு வைற்றமின் டீ உண்டாக உதவுகிறது. அது இல்லாவிட்டால் தின்ற கல்சியம் எலும்பில் சேராது. ஓடு மெத்தென்று ஆகிவிடும். யன்னல் கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வீட்டுக்குள் அட்டைப் பெட்டியில் ஆமையை வைத்திருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இனி வேலி. கம்பி வலை போடாதீர்கள். வலைக்கு அந்தப் பக்கம் தெரிந்தால் ஆமை அதை ஒரு தடையாகவே எடுத்துக்கொள்ளாது. நாள் முழுக்க மூக்கைத் தேய்த்துக்கொண்டு வலையோரமாகவே நடக்கும். மறுபக்கம் தெரியாத பலகையோ கல்லோதான் வேண்டும். அடியைக் கொஞ்சம் மண்ணுக்குள் இறக்க வேண்டும், நாயும் கீரியும் தோண்டும். குட்டி ஆமையென்றால் மேலே வலை அவசியம், காகம் விடாது. உள்ளே தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல் இருக்கட்டும். மருந்தடித்த இடத்துப் புல்லும் இலையும் உள்ளே வரவே கூடாது. நம்முடைய சரிவான தோட்டத்தில் மேலிருந்து வரும் மழைத்தண்ணீர் பட்டிக்குள் இறங்காமல் ஒரு கானும் வெட்ட வேண்டும்.

மூலைகளைச் சதுரமாக விடாமல் வளைத்து வரையுங்கள். மூலையில் இரண்டு பக்கமும் காலைக் கொடுத்து ஏறப்போய்த்தான் ஆமைகள் மல்லாந்து விழுகின்றன. விழுந்தால் எழும்புமா? இதைக் கணக்குப்போட்டுப் பார்த்தவர்கள் ஹங்கேரி நாட்டு விஞ்ஞானிகள் காபோர் டோமோகோஷ், பேட்டர் வார்கொன்யி. உள்ளே எந்தப் பாரமும் வைக்காமல், எப்படிப் போட்டாலும் தானாக உருண்டு ஒரே நிலையில் வந்து நிற்கும் திண்மப் பொருள் ஒன்றை அவர்கள் 2006 இல் செய்துகாட்டினார்கள். அதன் பெயர் கோம்பொட்ஸ். பிறகு ஆமை ஓடுகளை அளந்தார்கள். கோம்பொட்ஸுக்கு மிகவும் நெருங்கிய வடிவமாக அவர்கள் கண்டது எதை என்று நினைக்கிறீர்கள்? நம் நட்சத்திர ஆமையின் ஓட்டைத்தான். உயர்ந்து வளைந்த அந்த ஓடு மல்லாந்தால் தானே பக்கவாட்டில் உருளப் பார்க்கும். காலை இலேசாக உதைத்தாலே பல தடவை புரண்டுவிடும். ஓடு தட்டையான ஆமைகள் நீண்ட கழுத்தை ஊன்றி நெம்ப வேண்டியிருக்கிறது. இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை.

பட்டியின் படம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆனால் ஒன்றை மட்டும் எந்தப் பலகையாலும் அடைக்க முடியாது. பண்டாரவளை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,230 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எல்ல வழியாக, இராவணா எல்ல நீர்வீழ்ச்சியைத் தாண்டி, வளைவு வளைவாக 40 கிலோமீற்றர் போல இறங்கினால் வெல்லவாய வரும். அதன் உயரம் 200 மீற்றர் அளவுதான். ஆயிரம் மீற்றர் இறங்கினால் காற்று 6 பாகைக்கு மேல் சூடாகிறது. பஸ்ஸில் போகும்போது ஸ்வெட்டரைக் கழற்ற வைக்கிற அந்த ஆறேழு பாகைதான் ஆமைக்கு உயிர்ப் பிரச்சினை. வெல்லவாய, புத்தல, யால என்று விரியும் உலர்ந்த பற்றைக்காட்டுப் பூமி நட்சத்திர ஆமையின் நாடு. அதில் ஒரு பகுதி நம் ஊவா மாகாணத்துக்குள்ளேயே இருக்கிறது.

இங்கிலாந்தின் குளிரில் திமொதி பிழைத்ததே என்று கேட்பீர்கள். திமொதி மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் வாழும் இனம். அங்கேயும் குளிர்காலம் உண்டு. நவம்பரில் மண்ணைத் தோண்டிப் புகுந்து, ஏப்ரலில் வெளியே வர அதன் உடம்பு பழகியிருந்தது. நட்சத்திர ஆமைக்கு அந்தக் குளிர்கால உறக்கம் கிடையாது. ஐப்பசி முதல் தை வரை நம் மலையில் மழையும் மூடுபனியும் மாறிமாறி வரும்போது, அது விழித்தபடியே நடுங்கும். சளி பிடிக்கும். ஆமைக்குச் சளி சின்ன விஷயமல்ல. நாம் மூச்சு இழுத்தால் விலா விரிகிறது. ஆமையின் விலா எலும்புகளும் முதுகெலும்பும் ஓட்டோடு ஒன்றாகப் பிணைந்தவை, அசையாது. கால்களை ஒட்டிய தசைகளை இழுத்தும் தளர்த்தியும்தான் அது மூச்சு விடுகிறது. காலும் உடம்பும் சேருமிடத்துத் தோல் உள்ளே போய் வெளியே வருவதைப் பார்த்தால் தெரியும். நம்மைப் போலப் பலமாக இருமி நெஞ்சுச் சளியை வெளியே தள்ள அதனால் முடியாது.

முட்டை விஷயத்திலும் சூடுதான் தீர்ப்புச் சொல்கிறது. தாய் ஆமை கெட்டித் தரையைச் சிறுநீரால் நனைத்து, பின்னங்காலால் குழி தோண்டி முட்டையிடும். மண்ணின் சூடு குறைவாக இருந்தால் ஆண் குஞ்சுகளும், கூடுதலாக இருந்தால் பெண் குஞ்சுகளும் வரும். மலை மண்ணின் குளிரில் குஞ்சு பொரிக்குமா என்பதே சந்தேகம்.

நிஜமான பட்டி கூடாது என்றுதான் சட்டமும் சொல்கிறது. 1937 இல் வந்து பலமுறை திருத்தப்பட்ட தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்சத்திர ஆமையைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். முதுகில் உள்ள மஞ்சள் கதிர்க்கோலமே அதற்கு எமனாகிவிட்டது. அழகுக்காகப் பெட்டிகளிலும் பயணப்பைகளிலும் அடைத்து நாடு விட்டு நாடு கடத்துகிறார்கள். அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடக்கவிருந்து, பின்பு ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்தது. காட்டில் பிடித்த நட்சத்திர ஆமைகளை நாடுகளுக்கிடையே விற்கவே கூடாது என்ற பட்டியலில் அங்கேதான் இந்த இனத்தைச் சேர்த்தார்கள். அதற்காகக் கேட்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று.

கதிர்காமத்துக்குப் போகும் வழியில் மழை பெய்து ஓய்ந்த பிறகு ஒரு நட்சத்திர ஆமை வீதியைக் கடப்பதை நீங்கள் பார்க்கக்கூடும். ஊருக்குக் கொண்டுபோவோம் என்று யாராவது சொன்னால் மறித்துப் பேசுங்கள். வாகனம் வராத நேரம் பார்த்துப் பெரியவர் ஒருவர் இரண்டு கையாலும் தரைக்கு ஒட்டினாற்போலத் தூக்கி, அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே விடட்டும். திருப்பிவிட்டால் மறுபடியும் வீதிக்குத்தான் வரும். உயரத் தூக்கி வேடிக்கை காட்டவும் வேண்டாம். பயந்துபோனால் ஆமை சிறுநீர்ப்பையைக் காலிசெய்துவிடும். வரட்சிக்கென்று அது சேர்த்து வைத்த தண்ணீர் அது. காயப்பட்டிருந்தால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். ஆமையின் தோலிலும் ஓட்டிலும் சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும், அதனால் தொட்டவர் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்க வேண்டும்.