பாறையும் சஞ்சிகையும்
மோட்டார் வாகனங்களும் கைப்பேசிகளும் உற்பத்தியாகும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பிரதேசத்தின் பாறைகளில் கிரெட்டேசியஸ் யுகத்துத் தாவரங்களின் சுவடுகள் பதிந்திருப்பதையும், புவியியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1873-இல் அப்பாறைகளை விவரித்ததையும், 1879-இல் ஓட்டோகர் ஃபைஸ்ட்மான்டல் அத்தாவரங்களைப் பற்றித் தனி நூலே எழுதியதையும் நேயர்களுள் சிலர் அறிந்திருக்கலாம். காப்புரிமைக் காலம் கடந்துவிட்ட அந்நூல்களை இன்று எவரும் இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம். அண்மையில் எழுதப்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கோ பல சமயங்களில் கட்டணம் கேட்கிறார்கள், விசித்திரந்தான்! இத்தடை நீங்கவேண்டுமென்று 2002-இலேயே திறந்த அணுகலுக்கான புடாபெஸ்ட் பிரகடனம் கோரியது. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் சுமார் 13,000 சஞ்சிகைகளை அரசுக் கல்லூரிகளுக்கும் அரசு ஆராய்ச்சி நிலையங்களுக்கும் திறந்துவிட்டபோதிலும், ஒரகடத்துத் தனியார் தொழிற்சாலையில் பணிபுரியும் பொறியாளருக்கு அவ்வாசல் இன்னும் திறக்கவில்லை.