டிரவுட் மீனும் மலைநடையும்

பிரயாணத்திற்கு ஆயத்தம் செய்வோர் பெரும்பாலும் முதலில் விடுமுறை நாளைக் குறிப்பர். பின்னர் இடத்தைத் தேடுவர். இறுதியில் மூட்டை கட்டுவர். டிரவுட் மீனை நாடி மலையேற விழைவோர்க்கு இம்முறை சற்றும் உதவாது. அவர்கள் முதற்கண் அறியவேண்டுவது அம்மீனின் இயல்பேயாம். அதனை அறிந்தக்கால், செல்லுமிடம் எது, காலம் எது, கொண்டுசெல்லத்தக்கன எவை என்பன தாமே விளங்கும். நம் மாணவர் பலர் மலைநடையில் ஆர்வமுடையராதலின், இப்பொருளை ஈண்டுச் சிறிது விரித்துரைக்க முற்படுகின்றோம்.

பாரிவாக்கம், பூந்தமல்லி, ஆவடி முதலிய ஊர்களின் ஏரிக்கரைகளில் தூண்டிலிட்டுப் பழகியோர்க்கு விராலை நன்கு தெரியும். அஃது இடையிடையே நீர்மட்டத்திற்கு வந்து காற்றை உட்கொள்ளும் உறுப்பு வாய்ந்தது. ஆதலின், கோடையில் ஏரி வற்றிச் சேறாகிய காலத்தும் சின்னாள் உயிர் தரித்திருக்கும். டிரவுட்டோ நீரிற் கரைந்துள்ள பிராணவாயு ஒன்றையே நம்பி வாழ்வது. கடல்மட்டத்தில், 10 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 11 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 பாகையாயின் ஏழரை மில்லிகிராமே கரையும். மலையுச்சியில் காற்றின் அழுத்தம் குறைதலால் இவ்வளவு மேலும் குறையுமாயினும், குளிர்ந்த ஓடை பாறைகளில் மோதி நுரைத்தோடுங்கால் காற்று இடைவிடாது நீரிற் கலந்துகொண்டேயிருக்கும். நீர் 20 பாகையைக் கடந்தால் டிரவுட் வருந்தத் தொடங்கும்; 25 பாகையைக் கடந்தால் பிழைத்தல் அரிது. விரால் செழித்து வாழும் நம் ஏரியில் டிரவுட் ஒரு நாளும் தரியாது என்பது இதனாற் பெறப்படும்.

இம்மீன் நம் நாட்டிற்கு உரியதன்று. வானவில் டிரவுட் என்னும் இனம் வட அமெரிக்காவின் மேற்குக் கரையாறுகளைத் தாயகமாகவுடையது. பழுப்பு டிரவுட் ஐரோப்பாவிற்கு உரியது. இந்திய மீன்களைப்பற்றிப் பெருநூல் இயற்றிய மருத்துவர் பிரான்சிஸ் டே என்பார் 1863-இல் நீலகிரியில் டிரவுட்டைக் குடியேற்ற முயன்றார், அம்முயற்சி பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பார் மீண்டும் முயன்று வெற்றி கண்டார். 1907-இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் ஒன்று நிறுவப்பட்டது. வானவில் இனமே நீலகிரியோடைகளில் நிலைபெற்றது.

இனி இடத்தைக் குறித்துச் சொல்வாம். உதகமண்டலத்திற்குத் தென்மேற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவலாஞ்சியைச் சூழ்ந்த மேட்டுநிலம் இம்மீனுக்கு ஏற்றது. புல்வெளிகளும், பள்ளங்களில் அடர்ந்த சோலைகளும் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையில்லாத மாதங்களிலும் சிறிது சிறிதாக ஓடைக்கு அளிக்கின்றன. சோலையின் நிழலே நீரைக் குளிர்ச்சியாக வைப்பது.

ஆயினும், ஓடை கண்ட இடமெல்லாம் தூண்டிலிடலாகாது. முக்குருத்தி 1990-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் எவ்வுயிரையும் பிடித்தெடுத்தலைச் சட்டம் தடுக்கின்றது. பிறவிடங்களில் எந்நீரில், எக்காலத்தில் பிடிக்கலாம் என்பதை மீன்வளத் துறையினர்க்கு முன்னதாகவே எழுதிக் கேட்டு, உரிமச்சீட்டு பெறுதல் வேண்டும். சீட்டுக் கிடையாதாயின் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்க. ஓடையில் மீனைக் கண்டு மகிழ்வதற்குத் தூண்டில் வேண்டுவதில்லை.

காட்டுவழி நடப்பதற்கும் அனுமதி வேண்டும். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயிற் சிக்கி, மலைநடைக்குச் சென்றோர் இருபதின்மருக்கு மேல் மாண்டனர். அவர்களுட் பலர் இளைஞர். காய்ந்த புல்லில் காற்றோடு ஏறிவரும் தீ, ஓடுபவரினும் விரைந்து வரும் என்பதை அந்நாள் நாடறிந்தது. அதன்பின் மலைநடைக்கெனத் தனி விதிகள் ஏற்பட்டன. 2024 அக்டோபரில் வனத்துறையினர் 40 பாதைகளைத் தெரிந்தெடுத்து, வழிகாட்டியருடன் செல்லும் ஏற்பாட்டைத் தொடங்கினர். அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டாவுக்கும், பார்சன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து முக்குருத்திக் குடிலுக்கும் செல்லும் பாதைகள் அவற்றுள் அடங்குவன.

அடுத்துக் காலத்தை ஆராய்வோம். குளிர்காலம் டிரவுட் முட்டையிடும் பருவமாதலின், அப்போது அதனைத் துன்புறுத்தல் தகாது. பிப்ரவரி முதல் கோடைமழை வரும்வரை தீயச்சம் மிகுதி. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை பெய்யும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 91 செ.மீ. மழை பெய்தது, சென்னைக்கு ஓராண்டு முழுவதும் சராசரியாகக் கிடைப்பது சுமார் 140 செ.மீ. மட்டுமே என்பதை எண்ணுங்கால் இதன் கடுமை விளங்கும். ஆகவே, கோடைமழையாற் புல் பசுமையுற்றபின், பருவமழை தொடங்குமுன் உள்ள மே மாதமே நமக்கு வாய்ப்பானது. கல்லூரி விடுமுறையும் அக்காலத்திற் பொருந்துகின்றது.

பாரிவாக்கத்திலிருந்து புறப்படுவோர் சென்னை சென்ட்ரல் அடைந்து, இரவில் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம் சேரலாம். அங்கிருந்து மலைரயிலிலோ பேருந்திலோ உதகமண்டலம் செல்லலாம். சொந்த வாகனத்திற் செல்வோர், 2024 மே மாதம் ஏற்பட்ட இ-பாஸ் முறையின் அப்போதைய விதிகளைக் கேட்டறிந்து செல்க. கடல்மட்டத்தை ஒட்டிய ஊரிலிருந்து ஒரே இரவில் 2,200 மீட்டருக்கு மேல் ஏறுகின்றோமாதலின், முதல் நாள் இளைப்பாறுதற்கே உரியது. நீண்ட நடை மறுநாளே. கம்பளிச் சட்டை, மழையங்கி, அழுத்தமான காலணி, மாற்றுக் காலுறை, மருந்துப்பெட்டி, டார்ச்சு விளக்கு ஆகியன இன்றியமையாதன. கட்டுச்சாதம் கொண்டுசெல்க; காட்டில் அடுப்பு மூட்டற்க. செல்லும் வழியையும் மீளும் நேரத்தையும் எழுதி, தங்குமிடத்தில் ஒருவரிடம் கொடுத்துச் செல்லுதல் நன்று.

பிடிக்கும் முறையும் மீனின் இயல்பைப் பற்றியதே. டிரவுட், நீர் வரும் திசையை எதிர்நோக்கி நின்று, மிதந்துவரும் பூச்சியைக் கவ்வும். ஆதலின் அதன் பின்புறமாக, நீரோட்டத்திற்கு எதிராக மெல்ல நடந்து அணுகுதல் வேண்டும். இறகாலும் நூலாலும் பூச்சிபோற் செய்யப்பட்ட பொய்யிரையே இதற்குச் சிறந்தது. முள்ளில் எதிர்நாக்கு இல்லாதிருப்பின் மீனை ஊறின்றி விடுவிக்கலாம். கையை நனைத்தபின்னரே மீனைத் தொடுக. உலர்ந்த கை அதன் மேற்பூச்சைக் கெடுக்கும். பிடித்த மீனை உயிருடன் வேறோர் ஓடையில் விடுதல் பெருந்தீங்கு. அயலிலிருந்து வந்த இம்மீன், அவ்வோடைக்குரிய சிறுமீன்களையும் தவளைக்குஞ்சுகளையும் தின்று தீர்த்துவிடும்.

ஓடையிற் சவர்க்காரமும் எச்சிலும் கலவாதபடி காத்தல் ஒவ்வொருவர் கடமையாகும். அந்நீர் குந்தா வழியே பவானியை அடைந்து, பவானி காவிரியிற் கலக்கின்றது. மலைமீது நாம் செய்யும் பிழையைச் சமவெளியில் வாழ்வோர் பருகும்படி நேரும்.

இறுதியாக ஒன்று கூறுவோம். நன்கு வகுத்த திட்டத்தில் திரும்பும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். மேகம் திரண்டாலும், புகை தோன்றினாலும், வழிகாட்டி நின்றுவிட்டாலும், மீன் கிட்டாவிடினும் கவலையின்றி மீளுதலே அறிவுடைமை. ஓடையும் மீனும் மறு ஆண்டும் இருக்கும்; அவற்றைக் காணச் செல்வோரும் குறைவின்றி வீடு திரும்பியிருத்தல் வேண்டுமன்றோ?