பரணில் கிடந்த சிபேப் மிஷின்



போன மாதக் கூட்டத்தில் கடன் விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றில் 'சிபேப் மிஷின் வாங்க' என்று எழுதியிருந்தது. "தையல் மிஷின் தெரியும், மாவு மிஷின் தெரியும். இது என்ன மிஷின்?" என்று ஒரு அக்கா கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதே மிஷின் எங்கள் வீட்டுப் பரணில் ஒன்றரை மாதம் கிடந்தது. அதை வாங்க என் அம்மா தன் குழுவில் 30,000 ரூபாய் கடன் எடுத்திருந்தார். மிஷினைத் தொடவே இல்லை, தவணை மட்டும் ஒழுங்காகக் கட்டினார். அந்த அனுபவத்தில் நாங்கள் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தூக்க மூச்சுத்தடை என்றால் என்ன?

மூச்சடக்குவது நம் கடற்கரைக்குப் புதிதல்ல. தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961ல் நடந்தது. சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். குளிக்கப் போகிறவர் தெரிந்தே மூச்சை அடக்குகிறார், முடியாதபோது மேலே வந்துவிடுகிறார். தூக்க மூச்சுத்தடை உள்ளவருக்குத் தெரியாமலே மூச்சு நிற்கிறது. உறக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, காற்றுப் பாதை அடைபடுகிறது. மூளை பதறி எழுப்புகிறது. 'கர்ர்' என்று இழுத்து மூச்சு விட்டு மறுபடி உறங்குகிறார். காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. அசதி மட்டும் இருக்கும்.

மூச்சு குறைந்தது 10 விநாடி நிற்பதையோ வெகுவாகக் குறைவதையோ ஒரு தடவை என்று கணக்கிடுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை என்பதுதான் ஏ.எச்.ஐ. எண். 5 முதல் 14 வரை லேசானது. 15 முதல் 29 வரை நடுத்தரம். 30க்கு மேல் கடுமையானது. அம்மாவுக்கு வந்தது 12.

பெண்கள் கவனிக்க வேண்டியது

குறட்டை என்றாலே ஆம்பளை சமாச்சாரம் என்று நினைக்கிறோம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இந்த ஆபத்து கூடுகிறது. நமக்கு அறிகுறியும் வேறு மாதிரி தெரியலாம். காலையில் தலைவலி, பகலெல்லாம் சோர்வு, எரிச்சல், ராத்திரி பல தடவை சிறுநீருக்கு எழுவது, மாத்திரை போட்டும் இறங்காத பிரஷர் இதெல்லாம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். 'வயசாகுது, வேலை ஜாஸ்தி' என்று நாமே முடிவு கட்டிவிட வேண்டாம். அம்மா உப்பளத்தில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்து விழப்போன பிறகுதான் நாங்கள் விழித்தோம்.

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ நெஞ்சக நோய்ப் பிரிவிலோ முதலில் காட்டலாம். தூக்கப் பரிசோதனையை எங்கே செய்வது என்று அவர்களிடமே கேளுங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று காப்பீட்டு உதவி மேசையில் விசாரித்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

லேசானது என்றால் மிஷின் வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டாம். எடையைக் குறைப்பது, மல்லாக்கப் படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது, மூக்கடைப்புக்கு வைத்தியம் பார்ப்பது, தைராய்டு சோதிப்பது, டாக்டர் சொல்லாத தூக்க மாத்திரையை நிறுத்துவது இவற்றிலேயே பலருக்குக் குறையும். குடிப் பழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டும். பகலில் தூக்கம் தள்ளுகிறது, பிரஷர் அடங்கவில்லை, இருதயக் கோளாறு இருக்கிறது என்றால் லேசான நிலையிலும் டாக்டர் சிபேப் எழுதலாம். பிரிட்டனில் லேசான மூச்சுத்தடை உள்ளவர்களிடம் மூன்று மாதம் நடத்தி 2020ல் வெளியிட்ட ஆய்வில், சிபேப் போட்டவர்களுக்குச் சோர்வு குறைந்து சுறுசுறுப்பு கூடியிருந்தது.

இது ஆக்ஸிஜன் மிஷினா?

பக்கத்து வீட்டில் "ஆக்ஸிஜன் வைக்கிற அளவுக்கு ஆயிட்டாகளா?" என்று கேட்டதில்தான் அம்மா முதலில் உடைந்துபோனார். இது ஆக்ஸிஜன் அல்ல. அறையில் இருக்கிற காற்றையே மெல்லிய அழுத்தத்தோடு மூக்கு வழியாக அனுப்பி, தொண்டை மூடிக்கொள்ளாமல் பிடித்து வைக்கிறது. ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் என்ற டாக்டர் 1981ல் இதை உலகுக்கு அறிவித்தார். வீடு பெருக்கும் வாக்குவம் கிளீனரின் மோட்டாரைத்தான் முதலில் பயன்படுத்தினாராம்!

எங்கே தவறினோம்?

விற்றவர் பெட்டியைக் கொடுத்து, சுவிட்சைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். சமூகப்பணி படித்த நானும் எதுவும் கேட்கவில்லை. முதல் ராத்திரியே அம்மா, "ஏட்டி, இத மாட்டுனா கடலுக்கடியில கெடக்க மாரி இருக்கு" என்று கழற்றி வைத்தார். நாலாம் நாள் மிஷின் பரணுக்குப் போனது.

பிறகு டாக்டரிடம் எடுத்துப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. காற்றின் அழுத்தத்தை 'சென்டிமீட்டர் தண்ணீர்' என்ற அளவில் சொல்வார்கள். தானாகக் கூட்டிக் குறைக்கும் அந்த மிஷினில், கம்பெனியிலிருந்து வந்தபடியே 4 முதல் 20 வரை திறந்து விட்டிருந்தார்கள். 4ல் அம்மாவுக்குக் காற்று போதவில்லை, மூச்சு முட்டியது. ராத்திரி அழுத்தம் ஏறியபோது மாஸ்க் ஓரமாகக் காற்று பீறிட்டுக் கண்ணில் அடித்தது. டாக்டர் மிஷினில் பதிவான கணக்கைப் பார்த்து 6 முதல் 10 வரை என்று மாற்றினார். இது அம்மாவுக்கான அளவு. உங்களுக்கு வேறாக இருக்கும்.

நாமே மாற்றக்கூடியவை

* ராம்ப்: குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெதுவாக ஏறும் வசதி. உறக்கம் பிடிக்கும் நேரத்துக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம்.
* ஈரப்பதம்: மூக்கும் வாயும் காய்ந்தால் கூட்டுங்கள். குழாயில் தண்ணீர் கோத்தால் குறையுங்கள். நம் ஊர் உப்புத் தண்ணீர் ஆகாது. காய்ச்சி வடித்த டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றி, தினமும் மாற்றுங்கள்.
* மாஸ்க் பட்டை: படுத்த நிலையில், காற்று ஓடும்போதே சரிசெய்யுங்கள். காற்று ஒழுகாத அளவுக்கு இருந்தால் போதும். இறுக்கினால் மூக்குத்தண்டு புண்ணாகும்.

மூக்குத்தி, கொண்டை, தேங்காய் எண்ணெய் மூன்றையும் கவனியுங்கள். மூக்குத்தி இடித்தால் அந்த இடத்தில் காற்று ஒழுகும். எண்ணெய் முகத்தில் மாஸ்க் வழுக்கும். முகம் கழுவி, முடியைத் தாழ்வாகப் பின்னிப் படுங்கள். வாய் திறந்து தூங்குகிறவர்களுக்கு வாயையும் மூடும் மாஸ்க் தேவைப்படலாம்.

டாக்டர் மட்டும் மாற்ற வேண்டியது

அழுத்த அளவு. வயிறு காற்றால் உப்பினாலோ, மூச்சு முட்டினாலோ, ஏ.எச்.ஐ. குறையாவிட்டாலோ நாமே பட்டனை அழுத்திப் பார்க்கக் கூடாது. காலையில் திரையில் தெரியும் மூன்றை ஒரு நோட்டில் குறித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்: எத்தனை மணி நேரம் போட்டோம், ஏ.எச்.ஐ. எவ்வளவு, காற்று எவ்வளவு ஒழுகியது. பொதுவாக ஏ.எச்.ஐ. 5க்குக் கீழே வரவேண்டும். குறைந்தது 4 மணி நேரமாவது போட வேண்டும், உறங்கும் நேரம் முழுக்கப் போட்டால்தான் முழுப் பலன்.

முதல் மாதம் எப்படிப் பழகுவது?

1. பகலில் சீரியல் பார்க்கும்போது அரை மணி நேரம் மாஸ்க் போட்டு உட்காருங்கள். பயம் போகும்.
2. பாயில் படுப்பவர்கள் மிஷினை அலமாரியில் வைக்க வேண்டாம். தலைமட்டத்துக்கு மேலே இருந்தால் தண்ணீர் குழாய் வழியாக மூக்குக்கு வரும். தூசியில்லாத தாம்பாளத்தில் தரையில் வையுங்கள்.
3. கரண்ட் போனால் பயப்படாதீர்கள். மாஸ்க்கில் காற்றுத் துளைகள் உண்டு. கழற்றிவிட்டு ஒருக்களித்துப் படுங்கள்.
4. மாஸ்க்கை தினமும் துடைத்து, வாரம் ஒருமுறை லேசான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். பில்டரையும் அப்போதே பாருங்கள்.

கடன் எடுப்பதற்கு முன்

முடிந்தால் முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று மாஸ்க் போட்டுப் பார்க்க விடுவார்களா, வீட்டுக்கு வந்து சொல்லித் தருவார்களா, மாஸ்க்கும் பில்டரும் மாற்ற எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். பழைய மிஷின் மலிவாகக் கிடைக்கிறது என்று அவசரப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு சிதைந்து துகள் வரலாம் என்று பிலிப்ஸ் கம்பெனி 2021 ஜூனில் லட்சக்கணக்கான மிஷின்களைத் திரும்பப் பெற அறிவித்தது. மாடல் எண்ணைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அம்மா இப்போது ராத்திரி ஆறு மணி நேரம் மாஸ்க்கோடு உறங்குகிறார். நோட்டில் ஏ.எச்.ஐ. 3, 4 என்று எழுதுகிறார். சில நாள் சலித்துக்கொண்டு கழற்றிவிடுவதும் உண்டு. கடனில் இன்னும் ஐந்து தவணை பாக்கி.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மிஷின் பரணில் கிடக்கிறதா? கீழே இறக்கித் துடைத்து, டாக்டரிடம் ஒரு முறை எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த கூட்டத்துக்கு அம்மாவின் மாஸ்க்கையும் நோட்டையும் கொண்டுவருகிறேன். எல்லோரும் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் கடன் விண்ணப்பத்தை மறுபடி எடுத்துப் பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்