கணவர் கடனும் மனைவி கையெழுத்தும்

கணவர் வாங்கிய கடனை மனைவியிடம் வந்து கேட்பது தமிழ்நாட்டில் வழக்கமாகவே ஆகிவிட்டது. தொழில் நொடித்திருக்கலாம், ஆன்லைன் சூதாட்டத்தில் விட்டிருக்கலாம்; அவர் போனை எடுக்கவில்லை என்றால் அடுத்து தட்டப்படுவது வீட்டுக் கதவு. ஆனால் இந்தியச் சட்டத்தில், திருமணமானவர்கள் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் கடன் மற்றவர் தலையில் விழுவதில்லை. மனைவியின் கடனுக்குக் கணவருக்கும் இதே விதிதான். இந்துப் பெண்ணின் பெயரிலுள்ள சொத்து அவருக்கே முழு உரிமையுடையது என்கிறது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். பிறந்த வீட்டுச் சீராக வந்த நகையும் மனைவியின் தனிச் சொத்தே என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இவ்வளவு இருந்தும் இருவரும் சேர்ந்தே மூழ்குகிறார்கள் என்றால், பெரும்பாலும் காப்பாற்றப் போனவர் போட்டுக்கொடுத்த கையெழுத்துதான் காரணம். ஆகவே கடனாளியின் துணை செய்யக்கூடிய பெரிய உதவி, தன் பெயரையும் பொருளையும் அந்தக் கடனுக்கு வெளியே வைத்திருப்பது. கடனாளி செய்யக்கூடிய பெரிய உதவி, எதையும் மறைக்காமல், காலம் கடத்தாமல் திவால் மனுப் போடுவது.

கையெழுத்து எங்கே வாங்கப்படுகிறது என்று பாருங்கள். கடன் விண்ணப்பத்தின் பின்பக்கங்களில் பெருக்கல் குறி போட்ட இடங்கள் இருக்கும். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, இங்கே போடுங்கம்மா" என்பார்கள். அந்தக் குறிக்கு மேலே இருக்கும் சொல் 'உத்தரவாததாரர்' (அதாவது ஜாமீன்தாரர்) என்றால், ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் ஒன்றே. முதலில் கடனாளியிடம் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் கடன் கொடுத்தவருக்கு இல்லை. வீட்டுக் கடனில் 'கூட்டு விண்ணப்பதாரர்' என்று சேர்க்கப்பட்டவருக்கு அது அவருடைய சொந்தக் கடனேதான். செக் விஷயம் இன்னும் கடினம். ஜாயின்ட் அக்கவுன்ட்டாக இருந்தாலும் செக்கில் கையெழுத்திடாதவர் மீது செக் மோசடி வழக்குத் தொடர முடியாது என்று 2013-இல் அபர்ணா ஷா வழக்கில் தீர்ப்பானது. அதே சமயம், நாமே கையெழுத்திட்டுக் கொடுத்த பிளாங்க் செக்கை அடுத்தவர் நிரப்பினாலும் அது செல்லும், கடன் இல்லை என்று நிரூபிக்கும் சுமை நம்முடையது என்று 2019-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. குழுக்கடன்களில் நடப்பது வேறு. பணம் கணவரின் பழைய கடனுக்குப் போகும்; கடன் மட்டும் மனைவி பெயரில் நிற்கும்.

'தாலி கட்டியவர் கஷ்டத்தில் இருக்கும்போது சட்டம் பேசுவதா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதற்குக் கணக்குதான் பதில். நூற்றுக்குப் பத்து வட்டி என்று ஊரில் சொல்வது மாதத்துக்கான வட்டி, வருடத்துக்கு 120 சதவீதம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு மாதம் 50,000 வட்டி மட்டும். மனைவியின் நகையை அடகு வைத்து மூன்று லட்சம் புரட்டிக் கொடுத்தால் ஆறு மாத வட்டி அடையும். அசல் ஐந்து லட்சம் அப்படியே இருக்கும், நகைக்கடனுக்கும் வட்டி ஓடத் தொடங்கியிருக்கும். ஏழாம் மாதம் மாமனார் வீட்டில் கேட்க வேண்டியதுதான். அடைக்கவே முடியாத கடனுக்குக் கொடுக்கும் நகை கணவருக்குப் போய்ச் சேர்வதில்லை. அதே நகை வீட்டில் இருந்தால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் வாடகைக்கும் ஆகும். வருமானத்தால் உண்மையிலேயே அடைக்க முடிகிற கடன் என்றால் உதவட்டும், தடையில்லை. ஆனால் மொத்தக் கடன் எவ்வளவு, யார் யாருக்கு என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் முதல் வளையலைக் கழற்றக் கூடாது.

சிலர் எதிர்த்திசையில் ஓடுவார்கள்: அவசர அவசரமாக வீட்டை மனைவி பேருக்கு செட்டில்மென்ட் எழுதுவார்கள். கடன்காரரை ஏமாற்றும் நோக்கத்தில் செய்த சொத்து மாற்றத்தை ரத்துசெய்யக் கோர, சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு இடம் தருகிறது. திவால் சட்டத்திலும் மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் விலையில்லாமல் கொடுத்த சொத்து பிடிபடும். நேர்மையான பாதுகாப்புகள் வேறு இருக்கின்றன. 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டப்படி, மனைவி, பிள்ளைகள் பெயரில் எடுத்த ஆயுள் காப்பீட்டுப் பாலிசி கணவரின் கடன்காரர்களுக்குப் போகாது. பாலிசி எடுக்கும்போதே அப்படிக் குறிப்பிட்டிருக்க வேண்டும், நோக்கமும் மோசடியாக இருக்கக் கூடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். உடுதுணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, கைவினைஞரின் கருவிகள், மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத அணிகலன் ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது அது. சம்பளத்தில் முதல் ஆயிரமும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தப்பும். அடமானம் வைத்த வீட்டுக்கு மட்டும் இப்படி எந்தக் கவசமும் இல்லை.

இனி திவால் மனு, அதாவது மஞ்சள் கடுதாசி. ஐ.பி. கொடுப்பது என்று ஊர் சொல்வது 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டப்படி போடும் மனுவை. சென்னையில் 1909-ஆம் ஆண்டுச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தில். 2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கும் ஒரு பகுதி இருக்கிறது. அதில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கானது மட்டும் 2019 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. மற்றவர்களுக்கு நூறாண்டு கண்ட சட்டமே கதி. 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்ற அதன் வரம்பிலிருந்தே அதன் வயதைச் சொல்லிவிடலாம்! மனுப் போட்ட அன்றே தொல்லை நின்றுவிடாது. நீதிமன்றம் ஒருவரைத் திவாலானவர் என்று அறிவித்த பிறகுதான் அவர் சொத்து நீதிமன்றத்தின் அல்லது ரிசீவரின் கைக்குப் போகும். அதன்பின் அனுமதியில்லாமல் சாதாரணக் கடன்காரர் தனியாக வழக்குத் தொடர முடியாது. அடமானம் பிடித்த வங்கிக்கு இந்தத் தடை இல்லை. அரசுப் பாக்கி, மோசடியால் வந்த கடன், மனைவிக்கான ஜீவனாம்சம் ஆகியவை, நீதிமன்றம் கடன்களிலிருந்து விடுவிப்பு தந்த பிறகும் தொடரும். குறித்த காலத்துக்குள் விடுவிப்புக்கு விண்ணப்பிக்காவிட்டால் அறிவிப்பே ரத்தாகிவிடும்; பலர் கோட்டை விடுவது இங்கேதான். சொத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. முக்கியமாக, கணவர் திவாலானாலும் ஜாமீன் போட்ட மனைவியின் பொறுப்பு தீராது.

'ஐ.பி. கொடுத்தால் மானம் போகுமே, கொடுத்தவர்கள் வயிற்றில் அடிப்பதாகாதா?' என்பது அடுத்த ஆட்சேபம். முதல் பாதியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் நாள்தோறும் நடக்கும் ரகளையில் போகாத மானமா? இரண்டாவது பாதி கனமானது. சீட்டுப் பணத்தை நம்பிக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரும் கடன்காரர்தான். ஆனால் திவால் நடைமுறை இல்லாத இடத்தில் யார் அதிகம் மிரட்டுகிறாரோ அவருக்குத்தான் முதலில் பணம் போகிறது. சாதுவானவருக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. இருப்பதை விகிதப்படி பங்கிடும் நீதிமன்றம் அவருக்கே அதிக நியாயம் செய்கிறது. கட்ட வழியில்லாத ஏழ்மைக்காக மட்டும் ஒருவரைச் சிவில் சிறையில் தள்ளக் கூடாது என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதியதும் இதே நோக்கில்தான். பணத் தீர்ப்பை நிறைவேற்றப் பெண்களைக் கைது செய்ய முடியாது என்பதும் சட்டமே. செக் வழக்கு குற்ற வழக்கு. அதற்கு இந்தச் சலுகை கிடையாது.

வங்கி, நிதி நிறுவன ஏஜென்ட்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, குடும்பத்தாரை அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் உத்தரவிட்டது. மீறினால் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள்; 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கந்துவட்டிக்கு 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். கணவரே மனைவியின் நகையைப் பிடுங்கி விற்கிறார் என்றால் அது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பொருளாதார வன்முறை. லாக்கரையும் வங்கிக் கணக்கையும் அவர் தொடக் கூடாது என்று மாஜிஸ்திரேட் தடை விதிக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு; நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவுக்கு நேரில் போகலாம், அல்லது 15100-ஐ அழைக்கலாம். போகும்போது கடன் பட்டியல், அடகு ரசீது, வங்கியிலிருந்து வந்த நோட்டீஸ் ஆகியவற்றோடு, நீங்கள் எப்போதோ கையெழுத்திட்டதாக நினைவிருக்கும் எல்லாத் தாள்களின் நகலும் கையில் இருக்கட்டும். நகல் இல்லையென்றால் வங்கியிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.