பெற்றவளைத் தேடிச் செல்லும்போது

தத்துப் போன பிள்ளை, வளர்ந்தபின் தன்னைப் பெற்றவர்களைத் தேடுவதை இந்தியத் தத்தெடுப்பு விதிகள் ‘ரூட் சர்ச்’ என்கின்றன; வேர் தேடல். ஸ்வீடன், டென்மார்க், நெதர்லாந்து என்று கைக்குழந்தையாகக் கொண்டுபோகப்பட்ட பலர், இன்று நடுத்தர வயதில் இந்தத் தேடலோடு வருகிறார்கள்.

2022ஆம் ஆண்டு விதிகளின்படி, 18 வயது நிறைந்தவர் ‘காரா’ எனப்படும் மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்துக்குத் தாமே விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்த வயதினர் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்துதான் விண்ணப்பிக்க முடியும். குழந்தையை ஒப்படைத்தபோது தன் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்று தாய் கேட்டிருந்தால், இப்போது அவர் சம்மதம் வேண்டும். அவர் மறுத்தாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, எந்தச் சூழலில் ஒப்படைத்தார் என்பது மட்டும் பிள்ளைக்குச் சொல்லப்படும். மூன்றாம் ஆள் இறங்கித் தேட அனுமதி இல்லை.

தேடலின் முதல் தடயம் ஒப்படைப்புப் பத்திரம். ஆனால் பழைய கோப்புகளை அப்படியே நம்ப முடியாது. மணமாகாமல் பெற்றவர் பயத்தில் பொய்ப் பெயரும் பொய் ஊரும் சொல்லியிருக்கலாம். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில், யாரும் பார்க்காத நேரத்தில் தொட்டிலில் விடப்பட்ட குழந்தைக்கு அந்தப் பொய்ப் பெயர்கூட இருக்காது. தேதியும் இடமும்தான் மிஞ்சும். மரபணுச் சோதனையும், உறவினர் யாராவது அதே மரபணுத் தரவுத் தொகுப்பில் இருந்தால்தான் கை கொடுக்கும்.

முகவரி கிடைத்த பிறகுதான் உண்மையான கவனம் தேவை. அந்தப் பெண்ணுக்கு வேறு கல்யாணம் ஆகியிருக்கும். முதல் பிரசவம் பற்றிக் கணவருக்கோ பிள்ளைகளுக்கோ தெரியாமல் இருக்கலாம். ஊருக்குள் புதுக் கார் வந்து நின்று, வெளிநாட்டிலிருந்து வந்தவர் இறங்கி ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி விசாரித்தால், பொழுது சாய்வதற்குள் ஊரே காரணத்தை ஊகித்துவிடும். அவர் இத்தனை ஆண்டு காத்த வாழ்க்கை அதோடு போகும். படத்தோடு வாட்ஸ்அப்பில் தகவல் பரப்புவது இதைவிடக் கொடுமை. அனுபவமுள்ள சமூகப் பணியாளர், பெரும்பாலும் ஒரு பெண், வேறு காரியமாக வந்ததுபோல் வந்து, தாய் தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் பேசுவதே முறை. உடனே பதில் கேட்கக் கூடாது. “வேண்டாம்” என்று அவர் சொல்வது பிள்ளையை வெறுத்தல்ல, பெரும்பாலும் பயத்தால். பிள்ளையின் கடிதத்தைக் கோப்பில் வைத்திருந்தால், பிறகு மனம் மாறினாலும் வழி இருக்கும்.

தாய் ஒப்படைக்கவே இல்லை, ஏமாற்றி வாங்கினார்கள் என்று தெரியவந்தால் கதை வேறு. 1967 முதல் 1998 வரை இலங்கை, வங்கதேசம் உள்ளிட்ட நாடுகளிலிருந்து நெதர்லாந்துக்கு நடந்த தத்துகளை ஆராய்ந்த விசாரணைக் குழு பெரும் முறைகேடுகளைச் சொன்னதும், 2021 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு வெளிநாட்டுத் தத்தையே நிறுத்திவைத்தது. தாயைக் காக்க வந்த ரகசியம், குழந்தையை விற்றவர்களுக்குக் கேடயம் ஆகக் கூடாது.

சந்திக்கத் தாய் ஒப்புக்கொண்டால், பிள்ளைக்குத் தமிழ் தெரியாது என்பது அடுத்த சிக்கல். மொழிபெயர்ப்பவர் அந்த ஊர்க்காரராகவோ சொந்தக்காரராகவோ இருக்கக் கூடாது. சந்திப்பும் ஊருக்கு வெளியே நடப்பதே நல்லது.