கருவியின் குற்றமும் கையின் குற்றமும்

பேனா வாங்கக் கடைக்குச் செல்பவர் என்ன செய்கிறார்? கடைக்காரர் நீட்டும் தாளில் இரண்டு கோடு கிழிக்கிறார். தம் பெயரை எழுதிப் பார்க்கிறார். அதன் பிறகே விலை பேசுகிறார். ஆனால், தோலில் பூவும் கொடியும் பதிக்கும் அச்சுக்கருவியை முதன்முதலாக வாங்குகிறவர் பெரும்பாலும் இவ்வாறு செய்வதில்லை. இருபது முப்பது கருவிகள் ஒரே பெட்டியில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றனவே என்று மகிழ்ந்து வாங்கிவிடுகிறார். மாணவர்களே, அந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் வரும் துன்பத்தை நான் கண்டிருக்கிறேன். அதில் என் பிழையும் உண்டு. ஆகவே அதனை முதலில் கூறிவிடுகிறேன்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் தோல்வேலையைக் கைத்தொழிலாகக் கற்றேன். பின்னர்ப் பள்ளியில் விருப்பமுள்ள மாணவர் சிலருக்கு வாரம் ஒருமுறை அதனைக் கற்பித்தும் வந்தேன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், தான் சேர்த்து வைத்திருந்த காசைக் கொண்டு கூடைப்பின்னல் அச்சு ஒன்று வாங்கி வந்தான். அவன் பதித்த வரிசை நான்கு விரற்கடை சென்றதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. “கவனம் போதாது” என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். மறுவாரமும் அதே சாய்வு, அதே கடிந்துரை. மூன்றாம் வாரம் அவன் வகுப்புக்கு வரவில்லை. அன்று மாலை, அவன் விட்டுச் சென்ற கருவியை எடுத்து நானே ஒரு வரிசை பதித்தேன். என் வரிசையும் அதே பக்கம் சாய்ந்தது!

குற்றம் கையில் இல்லை, கருவியில் இருந்தது. பழகிய கைக்கு இஃது ஒரு மாலையில் விளங்கிவிடும். புதிதாகக் கற்பவனுக்கோ எது கருவியின் குற்றம், எது தன் குற்றம் என்று பிரித்தறிய வழியில்லை. எல்லாப் பழியையும் அவன் தன்மேலேயே போட்டுக்கொள்கிறான். தொடக்கநிலையில் இருப்பவர்க்கே நல்ல கருவி மிகவும் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி, நல்ல கருவி எது என்பதைப் பார்ப்போம். அதற்கு முன், அச்சு தோலில் எவ்வாறு பதிகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். எல்லாத் தோலும் அச்சை ஏற்காது. குரோமிய உப்பினால் பதனிட்ட தோல் துவண்டு மீளும் இயல்புடையது. பதித்த உரு விரைவில் மங்கிவிடும். மரப்பட்டை, காய் முதலியவற்றின் துவர்ப்புப் பொருளால் பதனிட்ட தோலே இவ்வேலைக்கு உகந்தது. ஆவாரம் பட்டையும், வாட்டில் மரப்பட்டையும், கடுக்காயும் நம் நாட்டில் இதற்குப் பயன்பட்டு வந்திருக்கின்றன. தாகூர் 1922ஆம் ஆண்டில் நிறுவிய ஸ்ரீநிகேதனில் வளர்ந்த தோல்வேலைக்கும் இத்தகைய தோலே அடிப்படை. இதனைச் சிறிது நனைத்தால் களிமண்போல் இளகி அச்சை வாங்கிக்கொள்ளும். உலர்ந்தபின் அவ்வுருவை விடாது காக்கும். நனைத்த உடனே பதிக்கலாகாது. மேற்பரப்பின் நிறம் ஏறக்குறைய முன்னிருந்த நிலைக்குத் திரும்பி, தொட்டால் மட்டும் குளிர்ச்சி தெரியும் சமயமே தக்க பதம். அடியில் வழவழப்பான கருங்கற் பலகை இருக்க வேண்டும். மேலே தட்டுவதற்குக் கொட்டாப்புளி வேண்டும். இரும்புச் சுத்தியால் தட்டினால் கருவியின் தலை நசுங்கிப் பிதுங்கும்.

அச்சுக்கருவிக்கு இரண்டு உறுப்புகள்: கையிற் பிடிக்கும் தண்டு, உருவம் வெட்டப்பட்ட முகம். வாங்குமுன் நான்கு சோதனைகள் செய்யுங்கள்.

முதலாவது, கண்ணாற் காண்பது. உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு முகத்தை நோக்குங்கள். கோடுகள் தெளிவாகவும் ஒரே ஆழத்திலும் இருக்கின்றனவா? வார்ப்பின்போது உண்டான குழிகள் உள்ளனவா? முலாம் தடித்துப் பள்ளங்களை அடைத்திருக்கிறதா? விளிம்பில் பிசிறு இருக்கிறதா? பிசிறு ஒவ்வொரு தட்டலிலும் தோலைக் கீறும். விளிம்பு தெளிவாக இருக்க வேண்டும். ஆனால் கத்திபோல் கூர்மையாக இருக்கலாகாது. அச்சின் வேலை அழுத்துவதே அன்றி அறுப்பதன்று.

இரண்டாவது, நேர்மையைச் சோதிப்பது. உருண்டையான தண்டைக் கண்ணாடிப் பலகையின்மேல் உருட்டுங்கள். வளைந்த தண்டு தத்தித் தத்தி உருளும். பிறகு, தட்டையான முகம் கண்ணாடியில் நன்கு படியுமாறு கருவியை நிறுத்தி, உங்கள் கணிதப் பெட்டியிலுள்ள மூலைமட்டத்தை அருகில் வைத்துப் பாருங்கள். தண்டு செங்குத்தாக இல்லையெனில், பதிவு ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் விழும்.

மூன்றாவது, பதித்துப் பார்ப்பது. எல்லாவற்றிலும் இதுவே தலையாயது. ஈரமான தோல் துண்டு ஒன்றை உறையிலிட்டுக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கூடைப்பின்னல் போன்ற சமச்சீர் உருவாயின் ஒருமுறை பதித்து, கருவியை அரைவட்டம் திருப்பி, அருகிலேயே மறுமுறை பதியுங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் கருவி நேர்மையானது. கூடைப்பின்னலில் ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவைத் தொட்டுக்கொண்டே செல்கிறது. எனவே பிழை நின்ற இடத்தில் நில்லாது. வட்டிபோலக் கூடிக்கொண்டே போகும். ஒரு பதிவுக்குக் கால் மில்லிமீட்டர் பிழை என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பதிவுகள் முடிவதற்குள் அது 10 மில்லிமீட்டர் ஆகிவிடும். என் மாணவனுடைய வரிசை சாய்ந்த காரணம் இதுவே. தபாலில் வாங்குவோர் கருவியின் படத்தைப் பார்த்து மயங்காமல், அது தோலில் விட்ட பதிவின் படத்தைக் கேட்டுப் பெற வேண்டும்.

நான்காவது, உலோகத்தை அறிவது. துத்தநாகக் கலவையில் வார்த்த மலிவான கருவிகள் பல உண்டு. அவற்றில் காந்தம் ஒட்டாது. துருப்பிடிக்காத எஃகில் சில வகைகளிலும் காந்தம் ஒட்டாது. ஆதலின் இச்சோதனையை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறு. கையிலெடுத்தால் கனம் தெரிவதும், முகத்தின் கோடுகள் தெளிவாக இருப்பதும் சேர்ந்தே சான்றாகும். இரும்புக் கருவியாயின் துரு ஏறாமல் காக்க வேண்டும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் கறுப்பு மை காய்ச்சியதை அறிவீர்கள். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியிலுள்ள இரும்பும் கூடிக் கருமை தருகின்றன. துருப்பிடித்த கருவி ஈரத்தோலில் பட்டாலும் அதே வினை நிகழ்ந்து, போகாத கறை விழும். ஆகவே வேலை முடிந்ததும் கருவியை உலர்த்தி, எண்ணெய் தடவி வையுங்கள். மறுமுறை எடுக்கும்போது நன்கு துடைத்துவிடுங்கள்.

அளவையும் கருத வேண்டும். பக்கம் 6 மில்லிமீட்டருள்ள சதுர முகத்தின் பரப்பு 36 சதுர மில்லிமீட்டர்; பக்கம் 12 ஆனால் பரப்பு 144. பக்கம் இருமடங்கு, பரப்போ நான்கு மடங்கு. ஒரே விசையில் தட்டினால் பெரிய முகத்தில் அழுத்தம் நான்கில் ஒரு பங்கே கிடைக்கும். எனவே இலேசான கொட்டாப்புளி வைத்திருக்கும் மாணவர்க்குச் சிறிய முகமே ஏற்றது.

எத்தனை கருவிகள் வேண்டும்? கூடைப்பின்னல் ஒன்று கொண்டே ஒரு பணப்பை முழுவதையும் அழகு செய்யலாம். அமெரிக்காவில் சேணம் செய்வோர் வளர்த்த பூவேலையில் ஆசையிருந்தால் நான்கு போதும். கோடு கீறச் சுழல்கத்தி. கோட்டின் ஓரத்தை அமிழ்த்திப் பூவை எழுப்பிக் காட்டச் சரிவு அச்சு. இதழில் நிழல் காட்டப் பேரிக்காய் வடிவ அச்சு. பின்னணியைத் தாழ்த்தப் புள்ளி அச்சு. முப்பது கருவிகளுக்குச் செலவிடும் பணத்தை இந்நான்கிற்குச் செலவிடுங்கள். பிற கருவிகள் தேவை எழும்போது ஒவ்வொன்றாக வந்து சேரட்டும்.

அவ்வளவு பணமும் இல்லையே என்பவர் கவலைப்பட வேண்டா. தடித்த இரும்பாணியின் தலையை அரத்தால் சமமாக அராவி, அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு வெட்டி, விளிம்பை மணற்றாளால் தேய்த்தால் எளிய அச்சு ஒன்று கிடைத்துவிடும். அராவுவதும் பதித்துப் பார்ப்பதுமாக ஒரு நாள் செலவிட்டவர், கடையில் எந்தக் கருவியையும் சரியாக எடைபோடுவார்.

அந்த மாணவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மறுநாளே அவனை அழைத்து, எல்லார் முன்னிலையிலும் கடிந்ததால் எல்லார் முன்னிலையிலுமே, “தவறு உன்னுடையதன்று; சோதியாமல் பேசிய என்னுடையது” என்றேன். சாய்ந்த கருவியை வகுப்பில் அனைவரும் பதித்துப் பார்த்தனர். எல்லாருக்கும் வரிசை சாய்ந்தது. அவன் சிரித்துவிட்டான். அடுத்த வாரம் ஆணித்தலையில் தானே வெட்டிய அச்சு ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் நுட்பம் குறைவுதான். ஆனால் அவன் பதித்த வரிசை தோலின் ஓரம் வரையில் நேராகச் சென்றது.