கணினி வலையமைப்பிற் சுணக்கம்: காரணம் காணும் முறை

விழாக் காலங்களிற் பழைய மாணவர்கள் தாம் கற்ற கல்லூரிக்குக் கைம்மாறு செய்ய விழைதல் இயல்பு. முன்னாளில் அக்கைம்மாறு கட்டடமாகவும் நூல்நிலைய அலுமாரியாகவும் அமைந்தது. இந்நாளிற் பெரும்பாலும் கணினிகளாகவும் இணைய இணைப்பாகவும் அமைகின்றது. "பிள்ளைகளின் கணினிக் கூடத்தில் இணையம் மந்தமாம், வேகங் கூடிய இணைப்பைப் பெற்றுக் கொடுப்போம்" என்று கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் அன்பர்கள் பொருள் திரட்ட முன்வருகின்றனர். எண்ணம் போற்றத்தக்கதே. ஆயினும் நோய் ஒன்றாகவும் மருந்து வேறொன்றாகவும் இருப்பின், பொருள் செலவாகும், நோய் நிற்கும். ஆதலின், வலையமைப்பிற் சுணக்கம் என்பது யாது, அதன் காரணத்தை எங்ஙனம் தேடிக் காண்பது என்பவற்றை இங்குச் சுருங்க ஆராய்வாம்.

முதற்கண் வேகத்தையும் சுணக்கத்தையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். தோட்டத்துக்கு நீர் இறைப்போர் இதனை எளிதில் உணர்வர். வாய்க்கால் அகலமாயின், ஒரு மணி நேரத்திற் பாயும் நீரின் அளவு கூடும். ஆனால், கிணற்றடியிற் புறப்பட்ட முதல் நீர் கடைசிப் பாத்தியைச் சென்று சேரும் நேரம் அதனாற் குறைந்துவிடாது. விளம்பரங்களில் வேகம் எனக் கூறப்படுவது உண்மையில் வாய்க்காலின் அகலமே. அதனைப் பட்டையகலம் என்பர். முதல் நீர் சென்று சேரும் நேரமே சுணக்கம். பெருங் கோப்பொன்றை இறக்கிக் கொள்வோனுக்கு அகலம் வேண்டும். தொலைவிலுள்ள ஆசிரியரின் வினாவைக் கேட்டு உடனே விடை பகரும் மாணவனுக்கோ சுணக்கம் குறைந்திருத்தல் வேண்டும்.

சுணக்கத்தை மில்லிசெக்கன் கொண்டு அளப்பர். ஆயிரம் மில்லிசெக்கன் ஒரு செக்கன். தமிழ் கற்றோர்க்கு இத்தகைய சிற்றளவு புதிதன்று. எழுத்தொலியின் மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் அளவாகக் கூறியது தொல்காப்பியம். கண்ணிமைப்பு ஏறத்தாழ 100 முதல் 400 மில்லிசெக்கன் வரை நிகழ்வது. உரையாடலில் ஒருவர் குரல் மற்றவரை அடைய 150 மில்லிசெக்கனுக்கு மேற் செல்லாதிருத்தல் நன்று என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்கு மேற் செல்லச் செல்ல, இருவரும் ஒருங்கே பேசத் தொடங்குவர். பின்னர் இருவரும் ஒருங்கே நிறுத்துவர். பாடம் குலைவது இவ்வாறே.

இனி, ஒரு கட்டடத்துள் அமைந்த இடத்துரி வலையமைப்பை நோக்குவோம். ஒளியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். செப்பு வடத்தில் மின்சைகையும் ஏறக்குறைய அவ்வாறே செல்லும். எனவே 100 மீற்றர் வடத்தைக் கடக்க ஒரு மில்லிசெக்கனின் ஈராயிரத்தில் ஒரு பங்கே போதும். செக்கனுக்கு 100 மெகாபிற்று கொள்ளும் வடத்தில் 1500 பைற்று கொண்ட பொதியை ஏற்றிவிட 0.12 மில்லிசெக்கன் போதும். இங்ஙனமாக, கூடத்துக்குள்ளேயே 200, 300 மில்லிசெக்கன் சுணக்கம் தோன்றுமாயின், அது தூரத்தால் வந்ததன்று. பொதிகள் எங்கோ காத்து நிற்கின்றன; அல்லது வழியிற் சிதைந்து மீள அனுப்பப்படுகின்றன. அவ்விடம் எது எனக் காண்பதே ஆராய்ச்சியின் நோக்கம்.

அதற்குரிய கருவி ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் உண்டு. 1983 ஆம் ஆண்டு மார்கழியில் அமெரிக்கரான மைக் மூஸ் என்பார் 'பிங்' எனும் சிறு நிரலை எழுதினார். நீருக்குள் ஒலியை அனுப்பி அதன் எதிரொலியைக் கேட்கும் சோனார் கருவியின் ஓசையே அதன் பெயராயிற்று. இந்நிரல் ஒரு சிறு பொதியை அனுப்பி, விடை மீளும் நேரத்தை அளந்து கூறும்.

ஆராயும் முறை வருமாறு. முதலாவது, கூடத்தில் வேறெவரும் வேலை செய்யாத வேளையில் ஒரு கணினியை வடத்தால் ரவுட்டருடன் இணைத்து, அந்த ரவுட்டருக்கே பிங் அனுப்புக. விடை ஒரு மில்லிசெக்கன் அளவில் அல்லது அதனினும் விரைவில் மீளவேண்டும். இரண்டாவது, வெளியிலுள்ள ஒரு முகவரிக்கு அனுப்புக. முன்னது சீராகவும் பின்னது சீர்கேடாகவும் இருப்பின், குறை ரவுட்டருக்கு அப்பாலுள்ளது. மூன்றாவது, வடத்தை நீக்கி வைஃபை மூலம் அதே சோதனையைச் செய்க. நான்காவது, வேறொரு கணினியிற் செய்க. ஐந்தாவது, கூடம் நிறைந்திருக்கும் பாடவேளையில் அனைத்தையும் மீளச் செய்க. ஒவ்வொரு முறையும் நூறு பொதிகளேனும் அனுப்புதல் வேண்டும். சராசரியை மட்டும் கொள்ளாது, மிகக் கூடிய நேரத்தையும் திரும்பாத பொதிகளின் தொகையையும் குறிப்பேட்டில் நேரத்துடன் எழுதுக. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுக. இரண்டை ஒருங்கே மாற்றினால், குணம் எதனால் வந்தது என எவராலும் கூறவியலாது.

வடத்திற் சீராகவும் வைஃபையிற் கேடாகவும் இருப்பின், குறை வானலையில் உள்ளது. ஓர் அலைவரிசையில் ஒரு வேளையில் ஒரு கருவியே பேச இயலும்; ஏனையவை காத்திருக்கும். 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் ஒன்றன்மேலொன்று படாதனவாகப் பொதுவாகக் கொள்ளப்படுபவை 1, 6, 11 எனும் மூன்று அலைவரிசைகளே. அயலவரும் அவற்றையே பயன்படுத்தின் நெரிசல் உண்டாகும். அசையாத கணினிகளுக்கு வடம் இடுவதே இதற்குச் சிறந்த பரிகாரம்.

வடத்திலேயே கேடு தோன்றின், முதலில் வடத்தை மாற்றிப் பார்க்க. கதிரைக் காலின் கீழ் நசுங்கிய வடம் பொதிகளைச் சிதைக்கும். திடீரென எல்லாக் கணினிகளும் ஒருங்கே திணறுமாயின், ஒரே வடத்தின் இரு முனைகளும் தவறுதலாக ஒரே ஆளியிற் செருகப்பட்டுள்ளனவா எனப் பார்க்க. அத்தகைய வளையத்தில் எல்லோருக்குமென அனுப்பப்படும் பொதிகள் முடிவின்றிச் சுழன்று பெருகும். இவ்வளையத்தைத் தானே கண்டு அடைக்கும் முறையை 1985 இல் ரேடியா பேர்ள்மன் எனும் அம்மையார் வகுத்தார். ஆயினும் விலை குறைந்த ஆளிகள் பலவற்றில் அம்முறை இல்லை.

ஓய்வு வேளையில் யாவும் சீராயிருந்து, பாடவேளையில் மட்டும் சுணக்கம் பெருகுமாயின், காரணம் பெரும்பாலும் ரவுட்டரின் வரிசையிலேயே உள்ளது. 2010 இல் ஜிம் கெற்றிஸ் எனும் அமெரிக்க அறிஞர் தம் வீட்டிலிருந்து பெருங் கோப்புகளை அனுப்பியபோது, சுணக்கம் ஒரு செக்கனையும் தாண்டியதைக் கண்டார். பொதிகள் காத்து நிற்கும் நினைவிடத்தை பஃபர் என்பர். பொதிகள் இழக்கப்படலாகாது என்றெண்ணிக் கருவி செய்வோர் அவ்விடத்தை மிகப் பெரிதாக்கி விட்டமையே இக்கேட்டுக்குக் காரணம். இதனைக் கணக்கிட்டும் காணலாம். வெளிச்செல்லும் பாதை செக்கனுக்கு 10 இலட்சம் பிற்று கொள்வதாகவும், வரிசையில் 250 கிலோபைற்று, அதாவது 20 இலட்சம் பிற்று, நிற்பதாகவும் கொள்க. கடைசியாக வந்த பொதி 2 செக்கன் காத்திருத்தல் வேண்டும். சங்கக்கடையில் ஒரு நெருப்புப்பெட்டி வாங்க வந்த சிறுவன், மூடை மூடையாக அரிசி வாங்குவோரின் பின்னே நிற்பது போன்றது இது. ஒரு கணினி படங்களை வெளியே ஏற்றிக் கொண்டிருக்க, முப்பது பிள்ளைகளின் பாடம் தடைப்படும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. கத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் எனும் இருவரும் 2012 இல் 'கோடல்' எனும் முறையை வெளியிட்டனர். அது வரிசையின் நீளத்தை விடுத்து, பொதி காத்திருக்கும் நேரத்தை நோக்குவது. காத்திருப்பு 5 மில்லிசெக்கனுக்கு மேல் நீடித்து நிற்பின், சில பொதிகளைக் கைவிட்டு, அனுப்புவோனை வேகம் தணிக்கச் செய்யும். ஒவ்வொருவர்க்கும் தனி வரிசை வகுக்கும் அதன் விரிவும் பின்னர் உண்டாயிற்று. 'எஸ்.கியூ.எம்.' எனும் பெயரில் இவ்வசதி சில ரவுட்டர்களில் உண்டு. அதனை இயக்கி, அளந்தறிந்த வேகத்தினும் சிறிது குறைவாக எல்லை வகுத்தல் வேண்டும். அவ்வாறு செய்தால் வரிசை நம் ரவுட்டரிலேயே அமைந்து நம் ஆளுகைக்குள் வரும். வசதி இல்லாவிடின், பெரிய ஏற்றங்களையும் மென்பொருட் புதுப்பித்தல்களையும் இரவு வேளைக்கு ஒதுக்குக.

பக்கங்கள் தொடங்கத் தாமதித்துப் பின் விரைந்து வருமாயின், தளத்தின் பெயரை எண்முகவரியாக மாற்றித் தரும் சேவையைச் சோதித்தலும் நன்று.

இவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு வேண்டுவன ஒரு குறிப்பேடும் ஒரு நல்ல வடமும் ஒரு பிற்பகற் பொழுதுமே. உயர்தர வகுப்பு மாணவர் இருவர் ஆசிரியர் துணையுடன் இதனைச் செய்து முடிக்கலாம். அதுவே அவர்க்கு ஒரு பாடமுமாகும். ஆகவே உதவ முன்வரும் அன்பர்கள் முதலில் அக்குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பாராக. அகலம் போதாது என அது காட்டுமாயின் அகலமான இணைப்பை வழங்குக. காத்திருப்பே குறை எனக் காட்டுமாயின், அப்பொருளை நூல்நிலையத்துக்கோ ஏழைப் பிள்ளையின் படிப்புக்கோ வழங்குக. அளந்தறிந்து கொடுத்த கொடையே பயன் நிறைந்த கொடையாகும்.